வெயிலில் எரிந்த வளைவு

அரசு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்ற ஜெனரேட்டருக்கு ஒரே வேலைதான். கரண்ட் போனால், குறைமாதப் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குச் சூடு கொடுக்க வேண்டும்.

எரிசக்தி சிக்கன வாரம் வந்தது. அமைச்சருக்காக வாசலில் அலங்கார விளக்கு வளைவு கட்டினார்கள். நடுவில் கரண்ட் போனால் மானக்கேடு என்று அதன் ஒயரை ஜெனரேட்டரில் செருகிவிட்டார்கள். ‘மின்சாரம் சேமிப்போம்’ என்று வளைவு காலையிலிருந்தே சுள்ளென்ற வெயிலில் ஜொலித்தது.

“போதும் தம்பி, டீசல் அடிமட்டத்துக்குப் போயிடுச்சு” என்று கெஞ்சியது ஜெனரேட்டர்.

“அமைச்சரே இன்னும் வரலை. கொஞ்சம் பொறுங்கண்ணே” என்றது வளைவு.

மூன்று மணிக்கு வந்தார், பேசினார், போனார். அவர் கார் தெருமுனை திரும்பும்போது டீசல் தீர்ந்து வளைவு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் காற்றும் மழையும் பிடித்துக்கொள்ள, ஊர் முழுக்கக் கரண்ட் போனது.

“அண்ணே, சீக்கிரம்! உள்ளே ஒரு கிலோகூட இல்லாத பிள்ளை!” என்று கத்தியது கண்ணாடிப் பெட்டி.

ஜெனரேட்டர் முக்கிப் பார்த்தது. வெறும் இருமல்தான் வந்தது.

“சில்லிட்டுப் போகுதுண்ணே...”

மறுபடி முக்கியது.

அதற்கப்புறம் பெட்டி கூப்பிடவில்லை.