கட்டிக்குச் சொந்தக்காரர்

"நோயாளி பேரே இல்லாம எப்படிங்க சிஸ்டர் பில் போடறது? கட்டி தானா நடந்து வந்து ஆபரேஷன் பண்ணிட்டுப் போச்சுங்களா?"

மருதாசலம் சீட்டை மேசை மேல் போட்டார். நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியின் பில் பிரிவில் அவர் வைத்ததுதான் சட்டம். சீட்டில் ஒரு இடம் காலியாக இருந்தாலும், பெரிய டாக்டரே வந்து நின்றாலும், திருப்பி அனுப்பிவிடுவார்.

எதிரே நின்ற நர்ஸ் லூர்துமேரி கையைப் பிசைந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பேர் கேக்காதீங்க சார். நாளைக்கு நானே எழுதித் தரேன்."

"சரி, அது கிடக்கட்டும். கட்டியை அவசியத்துக்கு எடுத்தாங்களா, அழகுக்கு எடுத்தாங்களா? ரெண்டுக்கும் வேற வேற நம்பருங்க. அழகுக்குன்னா கம்பெனி பொறுப்பாகாது."

"அழகா? நீங்க வேற! முழங்கைக்கு மேல எலுமிச்சங்காயாட்டம் உக்காந்துகினு நரம்பை அழுத்திச்சு சார். விரலெல்லாம் மரத்துப் போச்சு. அந்த விரலை வச்சுத்தான் அவங்க பொழப்பே."

"அப்ப அவசியம்னு போட்டுடறேன். பேரு?"

விட மாட்டார் என்று லூர்துமேரிக்குத் தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"பேரு எழுதினா உடனே அவங்களை டூட்டியிலேர்ந்து நிறுத்திடுவாங்க. ஃபிட் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் வேலை பாக்கக் கூடாதே. அதே வேலை பாக்கற இன்னொருத்தரு லீவுல ஊருக்குப் பூட்டாரு. இன்னிக்கு இவங்க டூட்டியில இல்லன்னா ஒரு மனுசனோட கை பூடும் சார்."

மைன்ஸில் பெரிய மெஷின் ஓட்டுகிற யாரோ என்று மருதாசலம் முடிவு கட்டிவிட்டார்.

"ஆபரேஷன் ஆன ஆளைக் கொண்டு போய் வேலையில விடறதா? கை நடுங்கினா என்னங்க ஆகும்?"

"கை நடுங்குறதா? அவங்களுக்கா?" லூர்துமேரியின் கண்கள் விரிந்தன. "நானும் எத்தினியோ பேரைப் பாத்துட்டேன் சார். மரத்துப்போற ஊசி போட்டாலும், கத்தியக் கண்டா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. இவங்க மொத கீறல்லேர்ந்து கடைசித் தையல் வரைக்கும் கண்ணை எடுக்காம பாத்துகினே இருந்தாங்க. அம்மான்னு ஒரு சத்தம் இல்ல. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. மாதா சத்தியமா, இப்பிடி ஒரு ஆளை நான் கண்டதில்ல."

மருதாசலம் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியும் ஒரு மனிதரா? முகம் தெரியாத அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"ஆபரேஷன் பண்ணினது பார்வதி டாக்டர்தானுங்களே? அவங்க ஏதாவது தைரியம் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

"வலிக்குதான்னு?"

"கேக்கல."

"அந்த ஆளு முகத்தையாவது பார்த்தாங்களா?"

"இல்ல சார். ஒத்தக் கையாலயே அறுத்து, ஒத்தக் கையாலயே தச்சாங்க. நூலைப் பிடிச்சு முடிச்சுப் போட்டது மட்டும்தான் நானு." சொன்ன பிறகுதான் லூர்துமேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒத்தக் கையாலயா! வெத்தலை மடிக்கவே ரெண்டு கை வேணுமுங்க. அவ்வளவு தைரியமா உட்கார்ந்திருந்த ஆளை இவ்வளவு அலட்சியமாவா பார்க்கறது?"

மருதாசலத்துக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் நாற்காலியில் உட்கார முடியாது. சீட்டை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் பக்கம் நடந்தார். "வாணாம் சார், இப்ப வாணாம்" என்று லூர்துமேரி பின்னாலேயே ஓடினாள்.

தியேட்டர் வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் பார்வதி அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போகத் திரும்பினார். மருதாசலம் குறுக்கே போய் நின்றார்.

"சீக்கிரம் சொல்லுங்க சார். விறகு பொளக்கும்போது கோடாலி பட்ட கை. இப்பவே சேர்த்துத் தைக்கலைன்னா இந்தம்மா வீட்டுக்காரருக்குக் கை இல்லை."

"சுருக்கமாவே கேக்கறேனுங்க டாக்டரம்மா. முந்தாநாள் கட்டி எடுத்தீங்களே, அந்த ஆளை வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கலையாமே?"

"கேட்கத் தேவையில்லை சார். எனக்கே தெரிஞ்சுது."

"ஒத்தக் கையால தச்சீங்களாமே? இன்னொரு கை என்னங்க பண்ணிட்டிருந்துச்சு?"

டாக்டர் திரும்பி லூர்துமேரியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக் கோட்டின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டி ஏற்றினார். அங்கே புதுக் கட்டு இருந்தது. அந்தக் கையின் ஐந்து விரல்களையும் மடக்கி, நீட்டிக் காட்டினார்.

"மேசை மேல நீட்டிப் படுத்துட்டிருந்துச்சு சார். கட்டி இதுலதானே இருந்தது?"

மருதாசலம், பெயர் எழுதும் இடம் காலியாகவே இருந்த சீட்டைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு, டாக்டர் உள்ளே போக தியேட்டர் கதவைத் திறந்து பிடித்தார்.