பின் ரூம்ல வருதா?

லிங்கராஜபுரத்தில் அந்த வீட்டு டிஷ்ஷுக்காக நான் மொட்டைமாடி ஏறியது அன்று ஐந்தாவது முறை. முன்பு வந்த புண்ணியவான் மூன்று அறை ஒயரையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் செருகியிருந்தான். ஹாலில் படம் வந்தால் பெட்ரூமில் போய்விடும். எந்த ஒயர் எந்த அறைக்கு என்று ஒரு குறிகூட இல்லை.

ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக் கத்தினேன். "ஹால்ல வருதா?"

"வருது... இல்ல, போயிடுச்சு... இரு தம்பி, கண்ணாடி போட்டுக்கறேன்," என்றார் வீட்டுக்கார ஸ்டெல்லா அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பின் ரூம்ல?"

"வரல. அடுத்த ஒயர மாத்துப்பா," என்றது ஓர் ஆண்குரல். மாற்றினேன். "ஆ, இப்ப சக்கத்தா, பளிச்சுனு வருது."

ஒருத்தராவது ஒழுங்காகச் சொல்கிறாரே! பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. இறங்கி வந்து, "பின் ரூம்ல சார் இருந்ததால தப்பிச்சேன்க்கா," என்றேன்.

"எந்த சார்? வீட்ல நான் ஒருத்திதானே."

பின் அறையின் பூட்டைத் திறந்து காட்டினார். டிவி இன்னும் அட்டைப்பெட்டியில், சீல் பிரிக்காமல் இருந்தது. ஒயர் முனை சுவரோரம் சுருண்டு கிடந்தது.

மறந்துவிட்ட ஸ்பேனரை எடுக்க மறுபடி மாடி ஏறினேன். கீழிருந்து அதே ஆண்குரல் சலிப்போடு சொன்னது: "தம்பி, மறுபடி போயிடுச்சு பாரு."