கொண்டுபோய் விடுதல்

எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று டிரைவர் கேட்டபோது அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

கழுத்தில் ரோஜா மாலை. மடியில் புதுப் பித்தளைக் குத்துவிளக்கு. ஜீப்பின் பின் சீட்டு நிறைய ஆபீஸ் ஆட்கள். அதற்குப் பின்னால் ஒரு வேன் வேறு.

தானே ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்தாள். விட்டால்தானே. ரிட்டயர் ஆனவரை மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய், உள்ளே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்த ஆபீஸில் அப்படி ஒரு வழக்கம். போன மாதம் வாட்ச்மேனையும் அப்படித்தான் கொண்டுபோய் விட்டார்கள். அவளும் கூடப் போய்க் கேசரி தின்றுவிட்டு வந்தாள்.

அவள் இருப்பது வேலை பார்க்கும் பெண்கள் விடுதியில்.

வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் என்று கேட்டிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. வேலை முடிந்தால் கட்டிலைக் காலி செய்துவிட வேண்டும். ரிட்டயர் ஆவதைப் பற்றி அவள் அங்கே மூச்சுவிடவில்லை. போக ஓர் இடம் இருந்தால் சொல்லியிருப்பாள். இந்த மாலையோடு அங்கே போய் இறங்கினால் இன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

உறையூருக்குப் போகச் சொன்னாள். அங்கே தம்பி வீடு.

அந்த வீட்டின் மாடி அவள் லோன் போட்டுக் கொடுத்து எழும்பியது. மாடி உனக்குத்தான்க்கா, ரிட்டயர் ஆனதும் வந்து நிம்மதியாகக் காலை நீட்டிப் படு என்று தம்பி அன்றைக்குச் சொன்னான். வயசான காலத்துக்கு அவள் செய்து வைத்த ஏற்பாடு அவ்வளவுதான். தம்பி வாயிலிருந்து வந்த ஒரு பேச்சு.

இப்போது மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறது. கேட்டால் பார்க்கலாம்க்கா என்பான். வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வண்டிச் சத்தம் கேட்டுத் தம்பி மனைவி தேன்மொழி வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள்.

கெட்டிக்காரி. முகம் மாறவே இல்லை. உள்ளே போனவள் ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

மூன்று சுற்றுச் சுற்றினாள். நெற்றியில் சிவக்கச் சிவக்கப் பொட்டு வைத்தாள். வலது காலை எடுத்து வைத்து வாங்க அண்ணி என்றாள்.

நிலைப்படியைத் தாண்டும்போது, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவள் நம்பினாள். எல்லாம் தெரிந்தும் நம்பினாள்.

எல்லாருக்கும் காபி வந்தது. மாடி மேடத்துக்கா என்று யாரோ கேட்டதற்கு அவள் ஆமாம் என்றாள். கொடுத்து வைத்தவர் என்றார்கள். குத்துவிளக்கைக் கூடத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தேன்மொழி டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினாள். அவள் மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கழற்றி வைங்க, இன்னும் எதுக்கு என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தாள்.

"அண்ணி, இருட்டறதுக்குள்ள கெளம்பிடுங்க. ஹாஸ்டல்ல கேட்டைச் சாத்திடுவாங்கல்ல?"

குரலில் கோபமோ குத்தலோ இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம்.

விளக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குள் எப்படிப் போவது? மாலையை பஸ் ஸ்டாப் பிள்ளையாருக்குப் போட்டாள். நெற்றியை முந்தானையால் துடைத்தாள். ஆரத்திச் சிவப்பு லேசில் போகிற மாதிரி இல்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.

விடுதி வாசலில் வார்டன் பிலோமினா நின்றிருந்தார். மறுநாள் மதியச் சாப்பாடு யார் யாருக்குக் கட்ட வேண்டும் என்று வருகிறவர்களிடம் கேட்பது அவர் வழக்கம். அவள் நெற்றியைப் பார்த்துக் கோயிலுக்கா என்று விசாரித்தார். அவள் தலையாட்டினாள்.

"நாளைக்குச் சாப்பாடு கட்டணும்ல?"

"கட்டுங்க," என்றாள்.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று படியேறும்போது யோசித்தாள்.