எல்லாருக்கும் சொன்னது

"டிவியில சொன்னா நம்பிடுவியா? என் தங்கச்சிதானே, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?" என்று கத்துகிறார், தொலைக்காட்சியில் பங்குச்சந்தை நிகழ்ச்சி நடத்தும் எதிர்வீட்டுக்காரர். கழுவாத ஒப்பனை வியர்வையில் கோடு கோடாக இறங்குகிறது. அவர் முதுகுக்குப் பின்னால், கூடத்து டிவியின் மறுஒளிபரப்பில் அவரே சிரித்தபடி, "பயப்படாம வாங்கிப் போடுங்க" என்கிறார். கல்யாணத்துக்குச் சேர்த்ததையெல்லாம் அந்தச் சிரிப்பை நம்பித் தொலைத்த தங்கை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறாள். "அண்ணி மட்டும் முன்னாடியே வித்துட்டாங்களாமே? ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணாண்ணா?" "அது நிகழ்ச்சிடி. எல்லாருக்கும் சொல்றது." அந்த எல்லாரும் நாங்கள்தான், லிஃப்டுக்குக் காத்திருப்பதுபோல் நிற்கிறோம். லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொள்கிறது. ஒருவரும் ஏறவில்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் அவள் கல்யாணம் நடந்தது. எங்களுக்கெல்லாம் நேரில் வந்து பத்திரிகை வைத்தாள். அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினாள்.