நோலீன் தாளம் போடுகிறாள்

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை பத்தேகால் மணிக்கு, ஆஸ்திரேலியாவில் மரே ஆற்றங்கரையிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் முதுமை ஒழிக்கப்பட்டது.

ஒழித்தவர் நல்வாழ்வு மேலாளர் டேமியன். ஆயுதம், ஆறு ஒயர்லெஸ் ஸ்பீக்கர்கள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் அரசாங்க ஆய்வாளர் அம்மாள் புதிய இசை அறையின் நடுவில் நின்றிருந்தார். இசைக்குக் கொஞ்சம் சின்ன அறைதான். ஐந்து சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அரைவட்டமாக நின்றன. தினமும் வரும் வெளுத்த கஸ்டர்டுக்கு இன்று விடுமுறை. தட்டில் லாமிங்டன் கேக். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. கடைசி நாற்காலியில் நோலீன்.

"ஒயர் கிடையாது மேடம், சுவத்துல ஒரு ஓட்டை கிடையாது" என்று டேமியன் சுவரைத் தடவிக் காட்டினார்.

ஒரு ஓட்டை இருந்தது. இடுப்புயரத்தில், எதையோ பிடுங்கிய சின்ன சாக்கெட் ஒன்று. அதையும் சேர்த்து வெள்ளையடித்திருந்தார்கள்.

ஸ்பீக்கர்கள் உலகப் போர்க்கால நடனப் பாட்டுகளைப் பாடின. கிழடு என்றால் போர்க்காலப் பாட்டு என்று டேமியனுக்கு ஏதோ பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோலீன் பிறந்ததே போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து. அவை அவளுடைய அம்மா காலத்துப் பாட்டுகள். அம்மாவுக்கும் பிடிக்காது.

பாட்டு தொலையட்டும். அது எதிலிருந்து போகிறது என்பதுதான் அவள் கவலை.

நர்ஸ்களின் டேப்லெட்டுகளில் குறிப்பேட்டைத் தவிர வேறெதுவும் திறக்காது. ஆகவே டேமியன் காலையில் நோலீனின் மடியிலிருந்த அவளுடைய டேப்லெட்டை எடுத்துக்கொண்டார்.

முப்பது வருடம் பப் நடத்தி, குடித்துவிட்டு உளறியவர்களை வெறும் வாயாலேயே வாசலுக்கு வெளியே தள்ளியவள் அவள். பக்கவாதம் முதலில் எடுத்துக்கொண்டது அந்த வாயைத்தான். இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கையால் எழுதினால் டேப்லெட் பேசும், வங்கி குமாஸ்தாவைப் போல மரியாதையான குரலில்.

நேற்று முழுக்க உட்கார்ந்து ஆய்வாளருக்காக அதில் எழுதிவைத்திருந்தாள். பக்கத்து அறை டல்சியின் அழைப்பு மணியைப் பற்றி. ஓயாமல் அழுத்துகிறாளாம், மணியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். இதைச் சொல்ல வேறு ஆளில்லை. அடுத்த ஆய்வுக்கு மூன்று வருடம் ஆகும். நோலீனிடம் அவ்வளவு கையிருப்பு இல்லை.

சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று பராமரிப்புப் பெண் லிட்டியா கேட்டுப் பார்த்தாள். ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்புவதெல்லாம் பேட்டரிக்கு வெறும் கொசுக்கடி என்றார் டேமியன்.

கொசு நன்றாகவே கடித்தது. மேசையில் நிமிர்த்தி வைத்த திரையின் மூலையையே நோலீன் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று சதவீதம். பத்தொன்பது. பாட்டை இணையத்திலிருந்து இழுக்க வேண்டும், ஆறு ஸ்பீக்கருக்கும் அனுப்ப வேண்டும், நடுநடுவே டேமியன் விருது வாங்கிய படத்தை முழு வெளிச்சத்தில் காட்ட வேண்டும். ஒன்பது.

அவள் இடது கையைத் தூக்கி டேப்லெட்டைக் காட்டினாள். ஆட்டினாள். நாற்காலியின் கைப்பிடியைத் தட்டு தட்டென்று தட்டினாள்.

"பாத்தீங்களா மேடம், எங்க நோலீன் செல்லம் தாளம் போடுது."

ஆய்வாளர் புன்னகைத்து, அதைக் குறித்துக்கொண்டார்.

நோலீனுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அதற்கும் வாய் ஒத்துழைக்கவில்லை. எச்சில் தாடையில் வழிந்தது. டேமியன் குனிந்து துடைத்துவிட்டார், ஆய்வாளருக்குத் தெரியும் பக்கமாக நின்று.

மூன்று.

லிட்டியா கேக் தட்டை எடுக்க வந்தாள். தட்டோடு டேப்லெட்டையும் எடுத்தாள். தட்டு சமையலறைக்குப் போனது. டேப்லெட் நோலீனின் மடிக்கு வந்தது.

நோலீன் பாட்டை நிறுத்தினாள். எழுதிவைத்ததை அழுத்தினாள்.

மடியிலிருந்து சத்தமே வரவில்லை.

அது இன்னும் ஸ்பீக்கர்களோடுதான் இணைந்திருந்தது. இசை அறை, சாப்பாட்டுக் கூடம், தாழ்வாரம், தோட்டம், வரவேற்பறை, டேமியனின் அலுவலகம் என ஆறு இடத்திலும் வங்கி குமாஸ்தா ஒரே நேரத்தில் மரியாதையாகப் பேசினார்.

"டல்சியின் அழைப்பு மணியைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் ஒன்பது நாள் சுவரைத் தட்டினாள். பத்தாவது நாள் தட்டவில்லை."

திரை கறுத்தது.

ஆய்வாளர் குறிப்பேட்டைப் புரட்டி வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். டல்சியின் அறையைப் பார்க்க வேண்டும், எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

டேமியன் தாழ்வாரத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார்.

லிட்டியா சுவரிலிருந்த சாக்கெட்டைப் பார்த்தாள்.

"இந்த ரூம்தான் மேடம்."