அதிக நேரம் பேசுகிறவர்கள்

“போன் அடிக்குது மேடம். விடிஞ்சா அடிக்குது, அந்தியானா அடிக்குது. ஆனா கழுவ ஒரு டேங்க் கிடைக்கல்ல!”

நாற்காலியில் உட்காரும் முன்பே சத்தியதாஸ் புகாரைக் கொட்டிவிட்டார். மார்த்தாண்டத்துக்காரர். திருவனந்தபுரத்தில் வீடு வீடாகத் தண்ணீர் டேங்க் கழுவிக் கொடுக்கும் தொழில். இணையத்தில் ‘டேங்க் கிளீனிங்’ என்று தேடுகிறவர்களின் கண்ணில் அவருடைய விளம்பரம் படும்படி ஏலம் கேட்டு இடம் பிடிப்பது ரெனியின் வேலை.

இருவருக்கும் இதுவரை வாட்ஸ்அப் செய்திதான் பழக்கம். இன்றுதான் அவர் பழவங்காடி ஆபீசுக்குப் படியேறி வந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் ரெனி ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு வாரம் முழுக்க அப்படித்தான். பாதி தின்ற வாழையிலைப் பொதிச்சோற்றை மூடி ஓரமாக வைத்தாள்.

“உட்காருங்க சார்,” என்றாள் அடிக்குரலில்.

“தொண்டை கட்டியிருக்கா மேடம்?”

“சளி சார். யார் யாரு கூப்பிடறாங்க?”

“ஒண்ணா ரெண்டா? கரமனையில ஒருத்தரு, பேங்குல ரிட்டயர் ஆனவரு. டேங்க் அழுக்கா சாரேன்னு கேட்டா, ‘ஆளு ஒருத்தன்தான், தண்ணியே செலவாவல்ல, எங்க அழுக்காவும்’ங்காரு. அப்புறம் எதுக்கு விளிச்சாராம்? இன்னொரு அம்மா, வச்ச மீன்கொழம்பப் பத்தி ஆதியோடந்தமாச் சொல்லுவா. வேறொருத்தரு டேங்க் மேல காக்கா கூடு வச்சிருக்குன்னு சொன்னாரு. குஞ்சு கண்ணு தொறந்தாச்சுன்னு நேத்து விளிச்சுச் சொல்லுதாரு!”

சிரிப்பு வரவேண்டிய இடம். ரெனி சிரிக்கவில்லை.

“வச்சிர வேண்டியதுதானே சார்?”

“மனசு வரல்ல. பாவம், ஒத்தைக்கு இருக்கிறவங்க. ஆனா எனக்க ஆளுங்க பிச்சைக்கனியும் ஐயப்பனும் வேலையில்லாம குந்தியிருக்கானுவ. ரெண்டு பேருக்கும் பிள்ளகுட்டி உண்டு. இந்த மாசமும் இப்படியே போனா கடைய அடச்சிர வேண்டியதுதான். எங்க பிசகிப் போச்சு மேடம்?”

ரெனி திரையை அவர் பக்கம் திருப்பினாள். பச்சைக் கோடு மலைபோல ஏறியிருந்தது.

“விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசினா அது வெற்றின்னு விளம்பரம் காட்டற மெஷினுக்குச் சொல்லி வச்சிருந்தோம். அந்த மாதிரி ஆளுங்களையே தேடி ஏலம் கேக்கும். வேலை கொடுக்கப் போறவங்கதான் அவ்வளவு நேரம் பேசுவாங்கன்னு நினைச்சேன்.”

“வேலை கொடுக்கிறவனா? அவன் எவ்வளவுன்னு கேப்பான், எப்ப வருவேன்னு கேப்பான், வச்சிருவான்!”

“ஆமா சார்.”

“இவங்க ஒத்தைக்கு இருக்கிறது மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியாது சார். அதிக நேரம் பேசறவங்களைத் தேடச் சொன்னோம். தேடிடுச்சு.”

கீழே கணபதி கோவிலில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

“ஆரம்பத்துல ஒரு பொண்ணு சார்,” என்றாள் ரெனி, திரையைப் பார்த்தபடி. “தினமும் ஒரே நம்பர், ரொம்ப நேரம். அந்தப் பேச்சை வச்சுத்தான் மெஷின் பாடம் படிச்சிருக்கு. மூலகாரணம் அவதான்.”

“யாரு, பொன்முடிப் பிள்ளயா?” அவர் முகம் மலர்ந்தது. “பொன்முடியில வீடு, டேங்க் நாறுதுன்னு சொல்லும். வரட்டான்னு கேட்டா அடுத்த வாரம்ங்கும். என்ன தின்னியேன்னு கேட்டா பேச்ச மாத்தும். எனக்க பெண்டாட்டி ஓமனா போனப் பிடுங்கிட்டுப் போய்ப் பேசுவா. நல்ல பிள்ள.”

“நல்ல பிள்ளையா? உங்க தொழிலைக் கெடுத்தவ சார் அவ!”

குரல் உயர்ந்துவிட்டது. ரெனி தண்ணீர் குடித்தாள்.

“மாத்திடறேன் சார். இனி நேரம் கணக்கில்லை. வேலை உறுதியானா மட்டும் வெற்றி. நீங்க அந்த விவரத்தை அனுப்புங்க, மெஷின் புதுசாக் கத்துக்கும். ரெண்டு வாரத்துல டேங்க் கிடைக்கும்.”

“அப்ப அந்த பேங்குக்காரரு, மீன்கொழம்பு அம்மா?”

“அவங்களுக்கு இனி விளம்பரம் பெருசாத் தெரியாது.”

அவருக்கு அது கஷ்டமாக இருந்தது. ஆனால் பிச்சைக்கனிக்கும் ஐயப்பனுக்கும் அடுப்பு எரிய வேண்டும். தலையை ஆட்டினார். ரெனி இரண்டு இடத்தில் அழுத்தினாள். அவ்வளவுதான், முடிந்தது.

“அந்தப் பொண்ணு நம்பரையும் பிளாக் பண்ணிடுங்க சார். இல்லைன்னா மறுபடியும் ஆரம்பிப்பா.”

“எனக்கு அதொண்ணும் தெரியாது மேடம். நீங்களே செய்யுங்க.”

போனை நீட்டினார். பெயரே இல்லாமல் வெறும் நம்பர்களாக ஒரு நீண்ட வரிசை. ரெனியின் விரல் மளமளவென்று கீழே இறங்கி ஒரு நம்பரில் நின்றது. எந்த நம்பர் என்று அவள் கேட்கவில்லை. நின்ற விரல் அழுத்தவும் இல்லை. கண் நிறைந்து திரை மங்கிவிட்டது.

சத்தியதாஸ் போனை மெல்ல அவள் கையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஒரு காரியம் மட்டும் மோளே. இன்னைக்கு விளிக்கும்போ விளம்பரத்த அமுக்காத, அதுக்கு எனக்குக் காசு போவுது. நேரா நம்பரப் போடு, ஓமனா காத்திருப்பா.”