மைக்கா அலமாரி

"ஏட்டி சுகிர்தம், அந்த அலமாரில கைய வைக்காத. மைக்கா மேல பெயிண்டு நிக்காது" என்றபடி குளியலறை வாசலில் வந்து நின்றான் ஏசுதாசன்.

"உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டு அடிச்சா நிக்கும். பொழுது சாஞ்ச பொறவு ரெண்டு தடவ அதுல முட்டிட்டிய. கேட்டா, வெள்ளைச் சுவத்துல வெள்ளை அலமாரி, தெரியலன்னு சொல்லுதிய."

"அது சோப்பு வழுக்குனது. பெயிண்டு நாத்தம் இப்பமே கொடலப் புரட்டுது, டப்பாவ மூடு. சீசனுக்கு வந்தவங்க குத்துக்கல்வலசைல காத்துக்கிட்டு நிக்காங்க. பிள்ளைகளும் இருக்கு. ராத்திரியே குத்தாலத்துல குளிக்கணுமாம். வேன் சாவி எங்க?"

"தாரேன். மொதல்ல அலமாரியப் பாத்து, என்ன கலர் அடிக்கலாம்னு சொல்லுங்க."

குளியலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏசுதாசன் அலமாரியை நேராகப் பார்த்தான்.

"எதுக்கு அடிக்கணும்? வெள்ளை இன்னும் பளிச்சுனுதான இருக்கு. சாவியத் தா, நேரமாகுது."

சுகிர்தம் சாவியை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள்.

"காலையிலயே கருநீலம் அடிச்சு முடிச்சாச்சு."